வடக்கே சாய்ந்த வலை

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து தேவப்பிரியம் சோற்றில் கை வைத்த நேரத்தில்தான் அந்தக் குரல் பதிவு வந்தது. காசிமேட்டுப் படகுக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஞாயிறு மத்தியானம் யாரும் எதுவும் போடுவதில்லை. டீசல் விலை பற்றி ஏதாவது இருக்கும் என்று இடது கையால் போனைத் தட்டினான்.

"அண்ணன்மாருங்க எல்லாருக்கும், அமான் பேசறேன். முங்கப் போன எங்க பொண்ணு ஒண்ணு இன்னும் மேல வர்ல. எழில்மொழின்னு பேரு. திருவொத்தியூருக்கு நேரா, கவர்மெண்டு பாருல எட்டரைக்கு எறங்குச்சு. இப்ப பதினொண்ணரை ஆவுது. கடல்ல யாரு இருந்தாலும் கொஞ்சம் கண்ணு வச்சிப் பாருங்கண்ணே. எங்க மேல கோவம் இருந்தா அத்த அப்பால வச்சிக்கலாம்."

அடுப்படியிலிருந்து மனைவி ஆன்சி எட்டிப் பார்த்தாள். "பாவம், யாரு பெத்த பொண்ணோ. கொழம்பு ஊத்தட்டா?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். அன்று விடியற்காலை ஐந்தரை மணிக்கு அதே பாரில், அந்தக் கடலடித் திட்டின் வடகிழக்கு மூலையில், அவன் வலை போட்டுவிட்டு வந்திருந்தான்.

அந்தப் பாரில் வலை போடக் கூடாது. ஆறு வருடத்துக்கு முன்னால் அரசாங்கம் கான்கிரீட் கூடுகளைக் கொண்டுவந்து பத்து பாகம், அதாவது அறுபது அடி ஆழத்தில் இறக்கியது. இரண்டே வருடத்தில் அதில் பாசியும் சிப்பியும் ஒட்டி, களவாவும் சங்கராவும் குடியேறின. மீன் பெருகியதும் மீன்வளத்துறை சுற்றிலும் மஞ்சள் மிதவை கட்டி, இதற்குள் வலையும் கூடாது, நங்கூரமும் கூடாது என்று அறிவித்துவிட்டது. மீன் எண்ணுவதற்கும் அடியில் கிடக்கும் குப்பையை எடுப்பதற்கும் ஸ்கூபாக்காரர்களுக்கு மட்டும் அனுமதி. "மீனுக்கு வூடு கட்டிக் குடுத்து எங்கள வாசல்ல நிக்க வச்சிட்டானுங்க" என்று காசிமேட்டில் சொல்லாத ஆள் கிடையாது.

அந்த ஸ்கூபாக்காரர்களுக்குத் தலைவன் அமான். வண்ணாரப்பேட்டைப் பையன், அந்தமானில் முங்கக் கற்றுக்கொண்டு வந்து, பழைய படகு ஒன்றை வாங்கிக் காசிமேட்டிலேயே நிறுத்தி வைத்திருந்தான். அவன்மேல் தேவப்பிரியத்துக்கு ஜனவரியிலிருந்தே கொதிப்பு. பொங்கல் சமயத்துப் பேரலையில் தேவப்பிரியத்தின் வலை ஒன்று அறுத்துக்கொண்டு போய் அந்தப் பாரில் மாட்டிக்கொண்டது. அமானின் ஆட்கள் அதை மேலே தூக்கி, மீன்வளத்துறையிடம் ஒப்படைத்து, பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். ஆளில்லாமல் கிடந்து மீனைக் கொல்லும் வலை என்பதால் பேப்பரில் 'பேய் வலை' என்று தலைப்பு வந்தது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் துறைமுகத்தில் நடந்த கூட்டத்தில் தேவப்பிரியம் எழுந்து, "அது பேய் இல்ல. நானும் தீனாவும் நாலு மாசம் குந்திகினு கோத்த வலை" என்றான்.

"அறுந்து போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்களாண்டயே குடுத்திருப்போம்ணே" என்றான் அமான்.

"உன்னாண்ட சொல்லிகினுதான் நாங்க தொழில் பண்ணணுமா? இனிமே உன் போட்டுக்கு இங்க ஒருத்தன் கயிறு புடிக்க மாட்டான்."

கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டல்தான் அவனை இன்று விடியற்காலை அங்கே கொண்டுபோய் விட்டது என்றும் சொல்லலாம். கொடி கட்டவில்லை. அடையாளத்துக்கு ஒரு கறுப்பு கேன் மட்டும். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு தூக்கிவிடலாம். ஞாயிறு அவர்கள் வருவார்கள் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. நடுவில்தான் இறங்குவார்கள், மூலைக்கு வரமாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போட்டான்.

கையைக் கழுவிவிட்டு வாசலுக்கு வந்தபோது தீனா அங்கே நின்றிருந்தான். தேவப்பிரியத்தின் படகில் எட்டு வருடமாகக் கூட்டாளி, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"கேட்டியாண்ணே?"

"கேட்டேன்."

"நம்ம வலை அங்கதான் கீது."

"தெரியும். வா."

ஃபைபர் படகு துறைமுக வாயைத் தாண்டியது. கடல் தட்டையாகக் கிடந்தது. வடக்கே எண்ணூர்ப் புகைபோக்கிகள் பக்கம் வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். தேவப்பிரியம் பலமுறை வலையில் மாட்டிச் செத்த ஆமையைப் பார்த்தவன். கழுத்தில் நரம்பு இறுகி, கண் திறந்தபடி இருக்கும். அந்த நினைப்பை விரட்ட விரட்டத் திரும்பி வந்தது.

பாருக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஆளே இல்லை. அமானின் படகும் கடலோரக் காவல் படகும் தெற்கே வெகுதூரத்தில் இரண்டு புள்ளிகளாகத் தெரிந்தன. மஞ்சள் மிதவைகள் ஆடிக்கொண்டிருந்தன. வடகிழக்கு மூலையில் கறுப்பு கேன் மிதந்தது.

தீனா எஞ்சினை அணைத்தான். குனிந்து கேனைப் பிடித்து, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான். மெல்லிய குரலில், "அண்ணே, இப்ப யாரும் பாக்கல. தூக்கிகினு போயிடலாம். வெறும் வலையா இருந்தா நம்ம பேஜாரு இத்தோட போச்சு" என்றான்.

"வெறும் வலையா இல்லன்னா?"

தீனா கயிற்றைப் பார்த்தான். பிறகு அதைச் சுட்டதுபோல விட்டுவிட்டான்.

தேவப்பிரியம் கேனையே பார்த்துக்கொண்டு நின்றான். ஊரில் இத்தனை நாள் சத்தமாகப் பேசியவன் அவன். பேசியது முழுக்க வலையோடு சேர்ந்து மேலே வரப்போகிறது. போலீஸ் வரும், படகு போகும், பூசைக்குப் போனால் பின் வரிசையில் முணுமுணுப்பு கேட்கும். அதெல்லாம் மனசில் ஓடியது உண்மை. ஆனால் கீழே ஒரு பெண் இருந்தால், அவளை மீனைத் தூக்குவதுபோல் தன் கையால் தூக்க முடியாது என்பது அதைவிடப் பெரிதாக இருந்தது. போனை எடுத்தான்.

"அமானு, நான் தேவப்பிரியம். பாரு வடகிழக்கு மூலைல நிக்கறேன். இங்க என் வலை ஒண்ணு கீது. காலைல போட்டேன். நீ வந்து உள்ள எறங்கிப் பாரு."

"வரேன்" என்றான் அமான்.

பத்து நிமிடத்தில் வந்துவிட்டான். காவல் படகும் பின்னாலேயே வந்தது. அமானின் உதடு உப்பில் வெடித்திருந்தது. திட்டுவான், அடித்தாலும் அடிப்பான் என்று தேவப்பிரியம் தயாராக நின்றான்.

"எப்ப போட்டே?"

"அஞ்சரைக்கு."

"எவ்ளோ நீளம்?"

"முந்நூறு மீட்டரு. இங்கேர்ந்து மேற்கால போவுது."

அமான் வேறு எதுவும் கேட்கவில்லை. முதுகில் சிலிண்டரை மாட்டி, கண்ணாடியைத் துப்பித் துடைத்துப் போட்டுக்கொண்டு, வலைக்கயிற்றைப் பிடித்தபடி இறங்கிவிட்டான். குமிழிகள் சிறிதுநேரம் கயிற்றோரமாக வந்தன. அப்புறம் மேற்கே நகர்ந்தன.

தேவப்பிரியம் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குமிழிகளையே பார்த்தான். 'அருள் நிறைந்த மரியே' என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. பிறந்ததிலிருந்து சொன்ன ஜெபம். மறுபடி ஆரம்பித்தான், மறுபடி அதே இடத்தில் நின்றது. தீனா அவன் தோளைத் தொட்டபடி பக்கத்திலேயே நின்றான். காவல் படகில் இருந்த சார் ஒருவர் மணியைப் பார்ப்பதும் தண்ணீரைப் பார்ப்பதுமாக இருந்தார்.

ஒருவழியாக அமானின் தலை மேலே வந்தது. கையில் எதையோ தூக்கிப் பிடித்திருந்தான். காலில் மாட்டும் ரப்பர் துடுப்பு, நீல நிறம், ஒற்றை.

"ஆளு இல்ல" என்றான் மூச்சு வாங்கிக்கொண்டே. "மாட்டியிருக்கா. ஆனா அறுத்துகினு போயிருக்கா. கத்தியால நேரா அறுத்த மாதிரி ஓட்டை. இது மட்டும் சிக்கிகினு இருந்துச்சு."

தேவப்பிரியம் படகின் குறுக்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டான். அறுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அப்படியென்றால் மேலே வந்திருக்கிறாள். மேலே வந்திருந்தால் எங்கோ மிதந்துகொண்டிருக்கிறாள். ஒரு நிமிடம் அவ்வளவுதான் யோசிக்க முடிந்தது.

"சரி, மறுபடி தெற்க போவலாம்" என்றார் காவல் படகு சார். "இன்னும் தள்ளிப் போயிருக்கும்."

தேவப்பிரியம் நிமிர்ந்தான். "இன்னாத்துக்கு சார் தெற்க?"

"அவங்க போட்டு காலைல மிதவைக்கு வெளிய நங்கூரத்துல அப்படித்தான் நின்னுதாம். மூக்கு வடக்கே, வாலு தெற்க. தண்ணி தெற்க இழுத்துச்சுன்னுதானே அர்த்தம்."

"போட்டு காத்துக்கு நிக்கும் சார். வலை நீவாட்டுக்குத்தான் நிக்கும்." கடலுக்குள் ஓடும் ஓட்டத்தைத்தான் அவர்கள் நீவாடு என்பார்கள். அமானின் பக்கம் திரும்பினான். "வலை எந்தப் பக்கம் சாஞ்சிகினு கீது?"

"வடக்க."

"நல்லா பாத்தியா?"

"வயிறு வச்ச மாதிரி வடக்க தள்ளிகினு கீதுண்ணே."

"இந்தத் துடுப்பு எந்தப் பக்கத்துலேர்ந்து மாட்டியிருந்துச்சு?"

அமான் கண்ணை மூடி யோசித்தான். பிறகு மெதுவாகக் கண்ணைத் திறந்தான். "தெற்குப் பக்கத்துலேர்ந்து. நுனி வடக்க பாத்து."

"தண்ணிதான் அத்த வலைல கொண்டாந்து தள்ளியிருக்கு. அது மாட்டின நேரத்துலயே ஓட்டம் வடக்கதான். நீங்க மூணு மணி நேரமா காத்த நம்பித் தேடிகினு கீறீங்க. பொண்ணு எண்ணூருக்கு நேரா போயிகினு கீது."

சார் ஒருமுறை அமானைப் பார்த்தார். அமான் தலையை ஆட்டினான். இரண்டு படகும் மூக்கைத் திருப்பின.

தேவப்பிரியம் எஞ்சினை முறுக்கச் சொல்லிவிட்டு, நெட்டுக்குப்பத்துச் செங்குட்டுவனுக்குப் போன் போட்டான். எண்ணூர்க் கழிமுகத்துக்காரன், பல வருடப் பழக்கம். விஷயத்தைச் சொன்னான். யார் வலை என்பதையும் மறைக்காமல் சொன்னான். ஒருமுறை சொல்லிவிட்டபின் இரண்டாம் முறை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"உன் வலையா?" என்றான் செங்குட்டுவன். "அத்த அப்பால பேசலாம். எங்காளுங்க எட்டு போட்டு கீது, எல்லாத்தையும் எறக்கறேன்."

எண்ணூர்த் துறைமுகத்துக்குள் போக முறைக்காகக் காத்திருக்கும் நிலக்கரிக் கப்பல்கள் வரிசையாக நங்கூரம் போட்டு நின்றன. ஒவ்வொன்றும் ஒரு தெருவளவு நீளம். அவற்றின் நிழலுக்குள் போய், சங்கிலியைச் சுற்றி, மறுபக்கம் வந்து தேடினார்கள். தீனா முனையில் நின்று கைகளைக் குவித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஒரு கப்பலின் மேல்தட்டிலிருந்து யாரோ கையசைத்து ஏதோ மொழியில் கத்தினார்கள். படகைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால், சும்மா கையசைத்திருக்கிறார்கள். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. தூரத்தில் தெரிந்த ஒவ்வொரு கறுப்பும் தலையாகத் தெரிந்து, கிட்டப் போனதும் தேங்காய் மட்டையாகவோ தெர்மாகோலாகவோ ஆனது. மணி ஒன்றரை ஆயிற்று. முதலில் வந்த தைரியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய ஆரம்பித்தபோது தேவப்பிரியத்தின் போன் அடித்தது.

"மாமு" என்றான் செங்குட்டுவன். அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. "உங்க பொண்ணு பேரு இன்னா சொன்னே?"

"எழில்மொழி."

"தோ, கப்பல் பாதைல பச்சையா மெதக்குற போயா கீதுல்ல, அதும்மேல ஒரு பொண்ணு குந்திகினு கீது. கேட்டா அந்தப் பேருதான் சொல்லுது. குடிக்க எதுனா இருக்கான்னு கேக்குது."

தேவப்பிரியம் போனைத் தீனாவிடம் நீட்டினான். தீனா கேட்டுவிட்டு, எதிரே வந்த அமானின் படகைப் பார்த்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினான். அமான் அப்படியே ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

அவர்கள் போய்ச் சேர்வதற்குள் நெட்டுக்குப்பத்துக்காரர்கள் அவளைப் படகில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். யாருடைய லுங்கியையோ தோளில் போர்த்திக்கொண்டு, கலர் சோடா பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமல் குடித்துக்கொண்டிருந்தாள். போயாவில் ஒட்டியிருந்த சிப்பி முழங்காலைக் கிழித்திருந்தது. கழுத்தில் சொறி மீன் தீண்டிய சிவப்புக் கோடுகள். அமானைப் பார்த்ததும் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"சாரிண்ணா. தண்ணி கலங்கலா இருந்துச்சு, கூட முங்கின ஜோடிய விட்டுட்டேன். மேல வந்து கத்தினேன், யாருக்கும் கேக்கல. ஊதி அடையாளம் காட்டற ஆரஞ்சுக் குழாய் கைல இருந்தது, வலைலேர்ந்து வெளிய வர்றப்ப அதையும் விட்டுட்டேன். அப்புறம் கை ஓயற வரைக்கும் இந்தப் போயாவப் பாத்தே நீந்தினேன்."

"பரவால்லடா" என்றான் அமான்.

அவள் மற்ற முகங்களைப் பார்த்தாள். "யார் வலை அது?"

"என்னுதுமா" என்றான் தேவப்பிரியம்.

அவள் அவனையே பார்த்தாள். கோபமா களைப்பா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. "மூணு எடத்துல அறுத்துட்டேன்" என்றாள்.

"முப்பது எடத்துல அறுத்திருக்கணும். நல்லா பண்ணே."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. செங்குட்டுவன் இன்னொரு கலரைத் திறந்து கையில் கொடுத்தான்.

காசிமேட்டுப் படகுத்துறையில் கூட்டம் நின்றது. மாதவரம் பஸ் நிலையத்தில் டீக்கடை வைத்திருக்கும் அவளுடைய அம்மா கோவிந்தம்மா, அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோவில் வந்திருந்தாள். மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டு, கண்டுபிடித்தது இவர்தான் என்று யாரோ காட்டியதும் தேவப்பிரியத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அதை அவனால் தாங்க முடியவில்லை.

"கும்புடாதமா. கண்டுபுடிச்சது நெட்டுக்குப்பத்துக்காரங்க. பொண்ணு மாட்டினது என் வலைல. போடக் கூடாத எடத்துல போட்டேன்."

கும்பிட்ட கை அவன் சட்டைக் காலரைப் பிடித்தது. ஒரு உலுக்கு உலுக்கினாள். அவன் அசையாமல் நின்றான். "ஒத்தப் பொண்ணுய்யா எனக்கு" என்றாள். இன்னொரு உலுக்கு. மூன்றாவதற்குக் கையில் பலமில்லை. ஆனால் காலரை விடவும் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டே, அவன் நெஞ்சுக்கு நேராகக் குனிந்து, வெடித்து அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை அவன் அப்படியே நின்றான். மகள் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கூட்டிப்போனாள்.

போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது நான்கு மணி. ஆன்சிக்குப் போன் போட்டான். காலையில் வலை போட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான்.

"பொண்ணு நல்லா கீதா?" என்று கேட்டாள்.

"நல்லா கீது. நாலு கலர் குடிச்சிது."

"அப்ப வூட்டுக்கு வா" என்றாள்.

மீன்வளத்துறை வலையை எடுத்துக்கொண்டது. ஒரு மாதம் படகை இறக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். தீனா வேறு படகில் கூலிக்குப் போனான். துறைமுகத்தில் சிலர் தேவப்பிரியத்தோடு பேசவில்லை. நம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று அவர்களுக்குக் கோபம். அவனுக்கு அது பெரிதாகப் படவில்லை. இரவில் படுத்தால் தூக்கம் வந்தது. அந்தத் தூக்கத்தின் விலை அவனுக்குத் தெரியும்.

மூன்று வாரம் கழித்து மீன் ஏலக் கூடத்தில் இரண்டு தரப்பும் மறுபடி உட்கார்ந்தன. நெட்டுக்குப்பத்திலிருந்து செங்குட்டுவனும் வந்திருந்தான். இந்த முறை கத்தல் குறைவு. வலை அறுந்துபோனால் அன்றைக்கே குழுவில் சொல்வது, அமான் ஆட்கள் எடுத்து உரியவன் கையிலேயே கொடுப்பது என்று முடிவாயிற்று. முங்கும் நாளில் காசிமேட்டுப் படகு ஒன்று நீவாடு போகும் பக்கம் காவல் நிற்க வேண்டும் என்று அமானே கேட்டான். அந்தப் படகில் நிற்கத் தீனா பெயரைச் சொன்னது தேவப்பிரியம்.

எழில்மொழி தாமதமாக வந்தாள், முழங்காலில் இன்னும் பிளாஸ்திரி. போன வாரம் அதே பாரில் மறுபடி இறங்கியிருக்கிறாள். கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தாள்: சங்கரா இத்தனை, கிளி மீன் இத்தனை, களவா நூற்று எண்பது.

"களவா எவ்ளோ?" என்று குறுக்கே கேட்டான் தேவப்பிரியம்.

"நூத்தியெம்பதுண்ணா."

"எவ்ளோ பெருசு?"

அவள் தாளை இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பேசாமல் இருந்தவர்களும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அது மிதவைக்கு உள்ளயே கெடக்குமா, வெளிய வருமா?"

"இதுக்கு மேல பெருசானா எடம் பத்தாது. வெளிய வந்துதான் ஆகணும்."

தேவப்பிரியம் தலையை ஆட்டிக்கொண்டான். "எந்தப் பக்கமா வரும்?" என்று கேட்டான். அமான் சிரித்துவிட்டான். அவள் சிரிக்காமல், தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் பாரை வரைந்து, அவன் பக்கமாக நகர்த்தி, விளக்க ஆரம்பித்தாள்.